நாலு இண்டிகேட்டரும் மின்னும்போது எந்தப் பக்கம் திரும்புவது?

விழுப்புரத்தான்:

போன ஆவணியில் பெரம்பலூர் பக்கம் ஒரு காதுகுத்து. இரண்டு கார்களில் போயிருந்தோம். திரும்பி வரும்போது முன்னால் மச்சான், பின்னால் நான். உளுந்தூர்பேட்டைக்குக் கொஞ்சம் முன்னால் டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரிந்தது. இரண்டு நிமிஷத்தில் டெம்பரேச்சர் முள்ளும் ஏறியது. ஓரம் கட்டி பானெட்டைத் திறந்தால் பெல்ட் நார்நாராகத் தொங்குகிறது. என் வண்டியில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரும் இன்ஜினைக் குளிர்விக்கும் வாட்டர் பம்பும் அந்த ஒரே பெல்ட்டில்தான் சுற்றும். மேலே ஓட்டினால் இன்ஜின் காலி. மணி ஆறரை, இருட்டிக்கொண்டு வந்தது.

நிறுத்தியவுடன் ஹசார்டு, அதாவது நாலு இண்டிகேட்டரும் ஒன்றாக மின்னும் சுவிட்சைப் போட்டேன், எச்சரிக்கை முக்கோணத்தை எடுத்துப் பின்னால் தள்ளி வைத்தேன். அதுவரை சரி. 1033க்குப் போன் செய்திருக்கலாம், நெடுஞ்சாலை உதவிக்கென்றே இருக்கிற எண். ஆனால் மச்சான், "எதிர்ப்பக்கமே ஒரு மெக்கானிக் ஷெட் தெரியுது மாமா, கட்டி இழுத்துடலாம்" என்றான். ஒரு லாரி கிளீனர் நைலான் கயிறு கொடுத்தார். இருந்த நீளத்துக்கு அப்படியே கட்டினோம். எட்டு மீட்டராவது இருந்திருக்கும்.

இரண்டு வண்டியிலும் ஹசார்டு மின்ன, மெதுவாக இடது ஓரமாகவே போனோம். ஷெட்டுக்குப் போக மீடியன் இடைவெளியில் வலது பக்கம் திரும்ப வேண்டும். மச்சான் வலது இண்டிகேட்டர் போட்டிருக்கிறான், நானும் போட்டேன். ஹசார்டு எரியும்போது எங்கள் வண்டிகளில் அந்தக் குச்சியை ஆட்டுவதால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று இரண்டு பேருக்கும் அப்போது உறைக்கவில்லை. வெளியே இருப்பவனுக்கு நாலு விளக்கும் முன்பு போலவேதான் மின்னிக்கொண்டிருந்தன. வலது லேனில் வந்த பஸ், டயர் தேயப் பிரேக் பிடித்து என் கதவிலிருந்து ஓர் ஆள் தள்ளி நின்றது. டிரைவர் தலையை நீட்டிக் கேட்டார்: "நாலும் எரிஞ்சா நீ திரும்பறேன்னு எவனுக்குய்யா தெரியும்?" என்னிடம் பதில் இல்லை.

இதோடு முடியவில்லை. ஷெட்டில் அந்த அளவு பெல்ட் கிடையாது, ஊருக்குள்தான் கிடைக்கும் என்றார்கள். மறுபடி கயிறு, மறுபடி ஹசார்டு. என் பேட்டரி மூன்று வருஷத்துக்கு மேல் பழசு. பெல்ட் அறுந்ததிலிருந்து சார்ஜ் ஏறவில்லை, ஹசார்டும் பார்க் லைட்டும் ஒரு மணி நேரமாக எரிகின்றன, போதாததற்குப் பசங்க போனையும் சார்ஜில் போட்டிருந்தார்கள். ஊருக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது விளக்குகள் மங்கி அணைந்தே போயின. முன்னால் மச்சான் வண்டி ஜெகஜோதியாக மின்னுகிறது, பின்னால் நான் இருட்டு. புல்லுக்கட்டு ஏற்றிய டிவிஎஸ் எக்ஸெல்லில் ஒரு பெரியவர் சாலையைக் கடக்க நின்றார். மின்னுகிற வண்டி போய்விட்டது, அடுத்து இடைவெளி என்று நினைத்து உள்ளே விட்டார். நடுவில் கயிறு. நான் ஹாரன் அடிக்கிறேன், அதற்கும் உயிர் இல்லை. கண்ணாடி வழியாகக் கத்தின கத்தில் கயிற்றுக்கு முக்கால் அடி முன்னால் நின்றார்.

இப்போது கேள்வி. கட்டி இழுக்கும்போது ஹசார்டு போடணுமா, கூடாதா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள். உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

எல் போர்டு:

டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறேன். நம் ஊரில் ஹசார்டு சுவிட்சுக்குத்தான் எத்தனை அர்த்தம்! மழை பெய்தால் போடுகிறோம், கல்யாண ஊர்வலத்தில் போடுகிறோம், நோ பார்க்கிங்கில் நிறுத்தி டீ குடிக்கப் போகும்போது போடுகிறோம். எல்லாவற்றிலும் மோசமானது, நாற்சந்தியில் "நான் நேராகப் போகிறேன்" என்று சொல்லப் போடுவது. இடது பக்கத் தெருவில் நிற்பவனுக்கு உங்கள் வண்டியின் இடது விளக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் இடதுபுறம் திரும்பப் போவதாக நினைத்து அவன் வண்டியை எடுப்பான். நேராகப் போக எந்த விளக்கும் வேண்டாம் என்று வகுப்பில் தொண்டை வறளச் சொல்கிறேன், டெஸ்டு முடிந்து வெளியே போனதும் பழையபடி போடுகிறார்கள்.

உங்கள் கதையில் விளக்குக்கு முன்னாலேயே கயிறு தப்பு. 1989ல் வந்த சாலை விதிமுறைகளிலேயே இது இருக்கிறது: இரண்டு வண்டிக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் போகக்கூடாது, வேகம் மணிக்கு 24 கிலோமீட்டருக்குள், கயிறு மற்றவர் கண்ணில் படும்படி ஏதாவது செய்திருக்க வேண்டும். பின்வண்டியின் முதுகில் வெள்ளைப் பின்னணியில் 75 மில்லிமீட்டர் உயரக் கறுப்பு எழுத்தில் 'ஆன் டோ' (இழுபடும் வண்டி) என்ற எழுத்தும் வேண்டும். மூன்று அங்குலம்தான், காலண்டர் அட்டையின் பின்பக்கமே போதும். பின்வண்டி ஸ்டியரிங்கில் உட்காருபவருக்கு லைசென்ஸ் இருக்க வேண்டும், அண்ணன் பையனை உட்கார வைத்துக்கொண்டு போகிற வேலையெல்லாம் கூடாது. 2017ல் புது ஒழுங்குமுறை வந்துவிட்டாலும் இந்த அளவுகளை நான் இன்னும் மாணவர்களை மனப்பாடம் செய்ய வைக்கிறேன். 5 மீட்டர் கயிற்றுக்கு நடுவே ஒரு எக்ஸெல் நுழைய யாருக்கும் தோன்றாது.

வடக்குவீதி:

நான் யாழ்ப்பாணம், இருப்பது ஜெர்மனியில். ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் தேருக்குப் போய்விட்டு வரும்போது நண்பரின் கார் ஏ2 ஓட்டோபானில் (அதிவேக நெடுஞ்சாலை) நின்றுவிட்டது. கிளட்ச் போய்விட்டது. நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன், கயிறும் இருந்தது. டோர்ட்முண்டுக்கே இழுத்துக்கொண்டு போவோம், அரை மணித்தியாலம்தானே என்று நண்பர் சொன்னார். அவருடைய மகள் பின் சீட்டில் இருந்து, "அப்பா, அது ஏலாது" என்றாள். அப்போதுதான் லைசென்சுக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை, எல்லாம் விரல் நுனியில்.

அவள் சொன்னது சரிதான். இங்கே சட்டத்தில் 15a என்று தனிப் பிரிவே இருக்கிறது. ஓட்டோபானில் நின்ற வாகனத்தை இழுத்தால் வருகிற முதல் வெளியேற்றத்தில் இறங்கிவிட வேண்டும். வெளியே நின்ற வாகனத்தை இழுத்துக்கொண்டு ஓட்டோபானுக்குள் ஏறவும் கூடாது. மோட்டார் சைக்கிளை இழுக்கவே கூடாது. விளக்கு விஷயத்தில் சந்தேகத்துக்கு இடமே இல்லை: இழுக்கும் நேரம் முழுக்க இரண்டு வாகனங்களிலும் வார்ன்பிளிங்கர் (உங்கள் ஹசார்டு) எரிய வேண்டும். கயிறு இங்கேயும் 5 மீட்டர்தான், நடுவில் சிவப்புத் துணி கட்டினால் போதும். எங்களிடம் சிவப்புத் துணிக்குப் பஞ்சமில்லை, கோயிலில் தந்த பட்டுத் துண்டைக் கட்டினோம். அம்மாள் மன்னிப்பாள்.

இறங்கிய பிறகுதான் உங்களுடைய பிரச்சினை வந்தது. கிராமத்து ரோட்டில் இடப்பக்கம் திரும்ப வேண்டும், எங்களுக்கு அதுதான் எதிர்ப் பக்க வாகனங்களை வெட்டிப் போகும் திருப்பம். நண்பருடைய கார் புதியது. வார்ன்பிளிங்கர் எரிந்துகொண்டிருக்கும்போதே சிக்னல் தண்டைத் தட்டினால் அது தானாக ஒதுங்கி இடது பக்கம் மட்டும் மின்னும், திரும்பி முடிந்ததும் மறுபடி நாலும் எரியும். என்னுடையது பழைய கார், அதில் இந்த வசதி இல்லை. நான் சுவிட்சை அணைத்து, சிக்னல் போட்டு, திரும்பி, மறுபடி போட்டேன். சட்டம் சொல்கிறதே என்று திருப்பத்திலும் விடாப்பிடியாக நாலையும் மின்னவிட்டால் அந்தப் பஸ்காரர் இங்கேயும் வருவார்.

ஹேரோ மாமா:

வடக்குவீதி எழுதியதைப் படித்துச் சிரித்துவிட்டேன். லண்டனில் இது அப்படியே தலைகீழ். இங்கத்தைய சாலை விதிப் புத்தகமான ஹைவே கோடின் 116வது விதிப்படி, வண்டி ஓடும்போதோ இழுபடும்போதோ ஹசார்டு போடக்கூடாது. மோட்டார்வேயிலோ வேகக் கட்டுப்பாடு குறைக்கப்படாத, நடுவே மீடியன் உள்ள இரட்டைச் சாலையிலோ, முன்னால் ஆபத்து இருப்பதைப் பின்னால் வருபவருக்குச் சொல்ல மட்டும் விதிவிலக்கு.

எனக்கு இது தெரியாத காலம். சித்தப்பா மகன் என் காரை இழுத்துப் போகிறான், நான் ஊர்ப் பழக்கத்தில் நாலையும் போட்டுக்கொண்டு போகிறேன். ரோந்துப் போலீஸ்காரர் ஒருவர் ஓரம் கட்டச் சொன்னார். நீ நிற்கிறாயா, போகிறாயா என்று கேட்டார். போகிறேன் என்றேன். அப்படியென்றால் நிற்பவனுக்கான விளக்கு எதற்கு, திரும்புவதை எப்படிச் சொல்வாய் என்றார். அபராதம் போடவில்லை, போர்டு எங்கே என்று மட்டும் கேட்டார். இங்கேயும் பின்னால் 'ஆன் டோ' எழுதித் தொங்கவிட வேண்டும். இடைவெளி 4.5 மீட்டருக்குள், அதுவும் ஒன்றரை மீட்டரைத் தாண்டினால் கயிற்றில் நிறத்துணி கட்ட வேண்டும். முக்கோணமும் அப்படித்தான்: சாதாரண ரோட்டில் குறைந்தது 45 மீட்டர் பின்னால் வைக்கச் சொல்வார்கள், மோட்டார்வேயில் வைக்கவே கூடாது. அதை வைக்க நடந்து போகிற மனிதனை லாரி அடித்துவிடும் என்ற பயம்.

ஆக, ஜெர்மனிக்காரனுக்கு மெதுவாக ஊர்வதைச் சொல்வது முக்கியம். இங்கிலாந்துக்காரனுக்குத் திரும்புவதைச் சொல்வது முக்கியம். இரண்டு பேரும் முட்டாள்கள் இல்லை.

கிரேன்காரன்:

கிருஷ்ணகிரி - சேலம் ரூட்டில் ரெக்கவரி வண்டி ஓட்டுகிறேன். மேலே எல்லோரும் பின்னால் வருபவனைப் பற்றியே பேசுகிறீர்கள். கயிற்றின் மறுமுனையில் உட்கார்ந்திருப்பவனை மறந்துவிட்டீர்கள். முன்வண்டி நாலையும் மின்னவிட்டுப் போனால், அது எந்தப் பக்கம் திரும்பும் என்று பின்வண்டியில் இருப்பவனுக்கும் தெரியாது. அஞ்சு மீட்டரில் அவன் என்ன யோசிப்பான்? அதனால் கயிறு கட்டுபவர்களிடம் நான் முதலில் சொல்வது, ரெண்டு பேரும் போனை ஸ்பீக்கரில் போட்டு டேஷ்போர்டில் வையுங்கள். திருப்பத்துக்கு நூறு மீட்டர் முன்னாலேயே ரெண்டு பேரும் ஹசார்டை அணைத்துவிட்டு இண்டிகேட்டர் போடுங்கள். முன்வண்டிக்காரன் கையையும் வெளியே நீட்டட்டும், நம் ஊரில் கைக்கு இருக்கிற மரியாதை விளக்குக்குக் கிடையாது. திரும்பியானதும் மறுபடி ஹசார்டு.

பின்வண்டிச் சாவி ஆனில் இருக்க வேண்டும். எடுத்துப் பாக்கெட்டில் போட்டால் முதல் வளைவிலேயே ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். சாவி ஆனில் இல்லையென்றால் ஹசார்டு எரியும், இண்டிகேட்டர் எரியாது, அதையும் ஞாபகம் வையுங்கள். இன்ஜின் ஓடாதபோது பிரேக் ரெண்டு மூணு மிதிக்குப் பிறகு கல் மாதிரி ஆகிவிடும், ஏறி நின்று மிதிக்க வேண்டும். தொப்பூர் இறக்கத்தில் சேலம் பக்கமாகக் கயிறு கட்டி இறங்கின ஒரு குடும்பத்தைப் பாதியில் நிறுத்தி, நின்ற வண்டியை என் பிளாட்பெட்டில் (கார் ஏற்றும் தட்டையான லாரி) ஏற்றினேன். இறக்கத்தில் கயிறு தொய்கிறது, பின்வண்டி போய் முன்வண்டி டிக்கியை இடிக்கிறது, அதுவரைக்கும் மூணு தடவை இடித்திருந்தது. அந்த அம்மா கையில் குழந்தையோடு அழுதுகொண்டிருந்தார். ரெண்டு வண்டியிலும் விளக்கெல்லாம் அழகாக மின்னிக்கொண்டுதான் இருந்தது.

ஆட்டோமேட்டிக்கையும் எலக்ட்ரிக் வண்டியையும் கயிறு கட்டி இழுக்காதீர்கள், சக்கரம் தரையில் உருண்டால் கியர்பாக்ஸோ மோட்டாரோ போகும். விழுப்புரத்தான் சாருக்கு ஒன்று: பேட்டரி செத்த வண்டியை ராத்திரியில் இழுக்கவே கூடாது. இழுத்தே ஆகவேண்டுமென்றால் வேற பேட்டரி மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். அதுவும் இல்லையென்றால் காலை வரை காத்திருங்கள், ஆட்கள் ரோட்டை விட்டுத் தள்ளி உட்காருங்கள், வண்டிக்குள்ளே வேண்டாம்.

எல் போர்டு:

கிரேன்காரன் சொன்ன நூறு மீட்டர் கணக்கை நாளையிலிருந்து வகுப்பில் சொல்லப்போகிறேன். ஒரு சந்தேகம்: மழையில் இழுத்தால்?

கிரேன்காரன்:

மழையில் இழுக்காதீர்கள் சார்.

விழுப்புரத்தான்:

எல்லோருக்கும் நன்றி. வடக்குவீதி சொன்ன வசதி என் வண்டியில் இருக்கிறதா என்று நேற்று சோதித்துப் பார்த்தேன். போன தடவை பதற்றத்தில் சரியாகத் தட்டாமல் விட்டேனோ என்று ஒரு நப்பாசை. வீட்டு வாசலில் ஹசார்டைப் போட்டுவிட்டு வலது இண்டிகேட்டரைத் தட்டினேன். மனைவி பின்னால் நின்று பார்த்துச் சொன்னாள்: "நாலும்தாங்க எரியுது." இடது பக்கம் தட்டினேன். "இப்பவும் நாலும்தான்." மச்சானுக்குப் போன் போட்டு அவன் வண்டியிலும் பார்க்கச் சொன்னேன், அதிலும் அதே கதை. டிக்கியில் இப்போது ஐந்து மீட்டர் கயிறு, நடுவில் சிவப்புத் தேங்காய்ப்பூத் துண்டு தைத்து வைத்திருக்கிறேன். காலண்டர் அட்டைக்குத்தான் தை மாதம் வரை காத்திருக்க வேண்டும், இந்த வருஷத்து அட்டையில் இன்னும் தேதி கிழிக்க வேண்டியிருக்கிறதாம்.