பழைய இத்தாலியப் பேய்ப்படம் பார்த்து நிஜமாவே மிரண்ட அனுபவம் இருந்தா சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். என்னை இதுக்குள்ள இழுத்துவிட்டது மாரியோ பாவா 1960ல எடுத்த 'லா மாஸ்கெரா டெல் டெமோனியோ', கறுப்பு வெள்ளைப் படம். ஆரம்பத்துலயே பார்பரா ஸ்டீல சூனியக்காரின்னு கட்டிவெச்சு, உள்பக்கம் பூரா ஆணி நீட்டிட்டிருக்குற ஒரு முகமூடிய கேமராவுக்கு நேரா கொண்டு வருவாங்க, நம்ம மூஞ்சிலயே மாட்ட வர்ற மாதிரி இருக்கும், அப்புறம் பெரிய சம்மட்டியால ஒரே போடு. சத்தியமா கண்ண மூடிட்டேன். ரெண்டு நூற்றாண்டு கழிச்சு கல்லறைல அந்த முகமூடிய கழட்டுனா கண்ணு இருந்த இடத்துல வெறும் குழி, அதுக்குள்ள தேள் ஊருது. பிரிட்டன்ல இந்தப் படத்த 1968 வரைக்கும் விடவே இல்ல.

*

அண்ணா, அதுக்கு முன்னாடி 1957ல வந்த 'இ வாம்பிரி' பாத்தீங்களா? ரிக்கார்டோ ஃப்ரேடா டைரக்ஷன், அவர் பாதியில விட்டுட்டுப் போக கேமராமேனா இருந்த பாவாதான் முடிச்சுக் குடுத்தாரு. அதுல ஜான்னா மரியா கனாலே முகம் ஒரே ஷாட்ல, கட்டே இல்லாம, அப்படியே கிழவியா மாறும். நான் ரீவைண்ட் பண்ணிப் பண்ணிப் பாத்தேன். சுருக்கத்த எல்லாம் சிவப்பு மேக்கப்ல வரைஞ்சிட்டு சிவப்பு வெளிச்சம் அடிச்சா கறுப்பு வெள்ளை ஃபிலிம்ல எதுவுமே தெரியாது, வெளிச்சத்த மெல்ல பச்சைக்கு மாத்துனா ஒவ்வொரு கோடா கறுத்து வெளிய வரும், அவ்ளோதான் வித்தை. இது தெரிஞ்சப்புறமும் அந்த சீன்ல எனக்கு வயித்தக் கலக்குது.

*

1966ல வந்த 'ஒபெரட்ஸியோனே பௌரா'வ யாரும் சொல்லலியே! ஜன்னல் பக்கத்துல வெள்ளை டிரெஸ்ல நிக்கும்ல ஒரு பொண்ணு, கூடவே பந்து குதிச்சு வரும். நடிச்சது ஒரு பையன். அந்த முகத்துல என்னமோ சரியில்லன்னு தோணிட்டே இருந்துச்சு, காரணம் இதுதான் போல.

*

என்னோட ஓட்டு 'இ த்ரே வோல்தி டெல்லா பௌரா'வுக்கு, 1963. மூணு கதைல அந்தத் தண்ணி சொட்டுற கதை இருக்கே, செத்துக் கிடக்குற கிழவி விரல்ல இருந்து நர்ஸ் மோதிரத்த உருவுவா, அதுக்கப்புறம் வீட்டுக்கு வந்தா எங்க பாத்தாலும் சொட்டு சொட்டுன்னு சத்தம், ரத்தமே காட்டாம வெறும் சத்தத்தையும் கலர் லைட்டையும் வெச்சே இப்படிப் பண்ண முடியுமான்னு அசந்துட்டேன். பாக்குறவங்க இத்தாலிய வெர்ஷனாப் பாருங்க ப்ளீஸ், அமெரிக்காவுல கதை வரிசையையும் மாத்தி, டெலிஃபோன் கதையையும் சிதைச்சு, கடைசி சீனையும் தூக்கிட்டாங்க. அந்தக் கடைசி சீன்ல நடிகர் போரிஸ் கார்லோஃப் குதிரைல போயிட்டே நம்மகிட்ட பேசுவாரு, கேமரா பின்னாடி நகர நகர அது பொம்மைக் குதிரை, ஆளுங்க மரக்கிளையத் தூக்கிட்டு அவரச் சுத்தி ஓடிட்டிருக்காங்கன்னு தெரியும். எப்படி ஏமாத்துனோம்னு அவங்களே காட்டுறாங்க, இந்த தைரியம் வேற யாருக்கு வரும்?