சம்மட்டியால் டயர் அடித்தால் முழங்கை வலி: எடை கூடுதலா?

புதுக்கை:
உடற்பயிற்சிக்கு 6 கிலோ சம்மட்டி, தரையில் படுக்கப்போட்ட லாரி டயர். அடித்ததும் சம்மட்டி பக்கவாட்டில் துள்ளுது, முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்குது. சம்மட்டியின் இரும்புத் தலையும் கைப்பிடியில் லேசா ஆடுது. என்ன செய்யலாம்?

இரும்புப்பிடி:
வலி அடங்கும்வரை அடிக்காதீங்க. பிறகு 4 கிலோவில் தொடங்குங்க. ஆனா எடையைவிட பிடிதான் முக்கியம். கீழே பிடிக்கும் கை கைப்பிடியின் நுனியிலேயே இருக்கணும். மேலே பிடிக்கும் கை சம்மட்டித் தலைக்குப் பக்கத்தில் தொடங்கி, இறங்கும்போது வழுக்கி வந்து கீழே உள்ள கையைத் தொடணும். டயரில் படும் நொடியில் இறுக்கிப் பிடித்தா அதிர்ச்சி முழுசும் முழங்கைக்கு ஏறும். பக்கவாட்டுத் துள்ளலுக்குக் காரணம், சம்மட்டி முகம் தட்டையா விழாம விளிம்பு முதலில் படுவது. டயருக்குள்ளே மண் நிரப்புங்க, எகிறல் குறையும். 20 நொடி அடி, 40 நொடி ஓய்வு, 8 சுற்று. சுற்றுக்கு ஒரு முறை கை மாத்துங்க; பலரும் இதைத்தான் விட்டுடுறாங்க.

பட்டறைக்காரன்:
ஆடுற தலையோட ஒரு அடிகூட வேண்டாம், கழன்று பறக்கும். தலையை இறுக்கத் தண்ணீரில் ஊறவைப்பது ஏமாற்று வேலை: மரம் உப்பும், காய்ந்ததும் முன்னைவிடத் தளரும். இரும்பு ஆப்பு அடித்து இறுக்குங்க. தலைக்குக் கீழே கைப்பிடியின் கழுத்தில் விரிசல் இருந்தா கைப்பிடியையே மாத்துங்க.

புதுக்கை:
மணிக்கட்டுக்குத் தனியா பயிற்சி இருக்கா?

இரும்புப்பிடி:
1 கிலோ சுத்தியல் போதும். கையைப் பக்கத்தில் தொங்கவிட்டு, சுத்தியல் தலை முன்னால் இருக்க மணிக்கட்டால் மட்டும் மெதுவா ஏத்தி இறக்குங்க. சுலபமானதும் பிடியை நுனிப்பக்கம் 2 செ.மீ. நகர்த்துங்க. கர்லாக்கட்டை நல்லதுதான், ஆனா அது தோளுக்கு.