கிட் சொல்லாமல் விட்டுவிடும் கோப்புகள்: எச்சரிக்கை வைக்க உதவி தேவை

வணக்கம். எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த தம்பி இரண்டு நாள் உழைத்து எழுதிய கோப்புகள் கிட்டில் (நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) ஏறவே இல்லை. 'கிட் ஆட்' போட்டு, எல்லாக் கோப்புகளையும் சேர்க்கச் சொல்லும் புள்ளி வைத்திருக்கிறார். ஒரு வார்த்தை எச்சரிக்கை வரவில்லை. எதைச் சேர்க்க வேண்டாம் என்று கிட்டுக்குச் சொல்லும் கிட்இக்னோர் கோப்பில் வெறுமனே 'பில்ட்' என்று இருந்ததால், சோர்ஸுக்குள் (நாங்கள் எழுதும் நிரல் இருக்கும் இடம்) அதே பெயரில் இருந்த ஃபோல்டரும் விடுபட்டுவிட்டது. கோப்பின் பெயரைக் கொடுத்துச் சேர்த்தால் கிட் சொல்கிறது, புள்ளி வைத்தால் சொல்வதில்லை. பாவம், தன் தவறு என்றே நினைத்துக்கொண்டிருந்தார். 'செக்-இக்னோர்' கட்டளை, கிட்இக்னோரில் எந்த வரி காரணம் என்று காட்டியது. ஆனால் சந்தேகம் வந்தால்தானே அதைப் போடுவோம்?

சரி, கமிட்டுக்கு (மாற்றங்களைப் பதிவதற்கு) முன் தானாக ஓடும் ஹூக் என்ற சிறு நிரலில் விடுபடும் கோப்புகளைப் பட்டியலிட்டுப் பார்த்தேன். லாக், தற்காலிகக் கோப்பு எல்லாம் சேர்ந்து வருகிறது. சோர்ஸில் விடுபடுவதை மட்டும் காட்டும்படி யாராவது செய்திருக்கிறீர்களா? குளோன் செய்தால் (கிட்டில் இருப்பதை இன்னொரு கணினிக்கு நகலெடுத்தால்) ஹூக் கூடவே வராதே, எல்லோர் கணினியிலும் அதை எப்படி வைக்கிறீர்கள்?