ஜெயிக்காத பிள்ளைக்கு ஸ்பான்சர் கேட்டா அது பிச்சையா?

கேட்டோரம்அப்பா: பிள்ளைங்களோட மோட்டோகிராஸ், அதாவது மண்தட பைக் ரேஸ் பத்தி நேத்து இங்க ஒருத்தர் எழுதினது: "முதல் மூணு இடத்துல வராத பிள்ளைக்கு ஸ்பான்சர் கேக்கறது பிச்சை. ஜெர்மன் ரேஸர் கென் ராக்சன் ஜெயிச்சான், கம்பெனி தேடி வந்துச்சு." படிச்சதுலேர்ந்து எரிச்சல் அடங்கல. என் பொண்ணு இப்பத்தான் 65 சிசி வண்டியிலேர்ந்து 85 சிசிக்கு மாறியிருக்கா. பெரிய வண்டிக்கு மாறின வருஷம் பல பிள்ளைங்க பின்னாடிதான் வரும். டயர், பிஸ்டன், கிளட்ச் தட்டு, நுழைவுக் கட்டணம் மட்டும் குறையறதில்ல. ராக்சன் 85 சிசி ஜூனியர் உலகப் பட்டம் வாங்கினது 2007ல. அதுக்கு முன்னாடி அவனுக்கு டயர் வாங்கிக் கொடுத்தது யாரு?

முழுத்திராட்டில்: எழுதினது நான்தான். பேர் சொல்லியே திட்டுங்க, பரவாயில்ல. ராக்சன் 2009ல, 15 வயசுல, எம்எக்ஸ்2ங்கற உலக அளவு வகுப்புல கிராண்ட் பிரீ ரேஸே ஜெயிச்சான். நெதர்லாந்து ரேஸர் ஹெர்லிங்ஸ் 2008ல 85 சிசி ஜூனியர் உலகப் பட்டம், 2010ல கேடிஎம் பைக் கம்பெனியோட அணி. ஸ்பெயின் ரேஸர் பிராடோ 2011ல 65 சிசி ஜூனியர் உலகப் பட்டம். மூணு பேரும் முதல்ல ஓட்டிக் காட்டினாங்க, கடுதாசி எழுதிட்டு உக்காரல.

கேட்டோரம்அப்பா: மூணு பேரைச் சொன்னீங்க, கேட்டதுக்குப் பதில் இல்ல. பட்டத்துக்கு முன்னாடி டயர் யாரு வாங்கினது? பிராடோவோட ரேசுக்காக அந்தக் குடும்பமே ஸ்பெயினை விட்டு பெல்ஜியத்துக்குக் குடிபோச்சு. எல்லா வீட்டாலயும் அது முடியுமா?

மண்மேடு: ரெண்டு பேரும் நிறுத்துங்க. பெரிய கம்பெனியில ஆரம்பிக்கறதே தப்பு. வண்டி வாங்கின டீலர், டயர் விக்கிறவர், ஸ்டிக்கர் அடிக்கிறவர், இவங்ககிட்ட முதல்ல போங்க. அங்க கிடைக்கிறது பெரும்பாலும் காசு இல்ல, தள்ளுபடி. ஒரே பக்கத்துல எழுதுங்க: வயசு, எந்த சிசி, போன வருஷம் வந்த இடங்கள், இந்த வருஷம் ஓட்டப்போற ரேஸ்கள். முக்கியமா, அவங்களுக்கு நீங்க என்ன செய்வீங்கன்னு. வண்டி ரேடியேட்டர் ஓரத்துல அவங்க பேர், ஜெர்சியில அவங்க பேர், அவங்க கடை விழாவுல வண்டியோட பிள்ளை வந்து நிக்கறது. உதவி கிடைச்ச பிறகு ஒவ்வொரு ரேஸ் முடிஞ்சதும் என்ன ஆச்சுன்னு எழுதி அனுப்புங்க. நிறையப் பேர் அங்கதான் கோட்டை விடறாங்க.

முழுத்திராட்டில்: அதையேதான் நானும் சொல்றேன். "வந்த இடங்கள்"னு நீங்களே எழுதியிருக்கீங்க. பதினெட்டாவது இடம்னு எழுதி அனுப்பினா எந்த டீலர் தள்ளுபடி தருவார்?

கேட்டோரம்அப்பா: பதினெட்டுலேர்ந்து பதினொண்ணுக்கு வந்தாள்னு எழுதினா தருவார். மறுபடி கேக்கறேன், 2007க்கு முன்னாடி டயர்?

ரெண்டுஸ்ட்ரோக்: பொண்ணுன்னா ஸ்பான்சர் சுலபமா கிடைக்குமே, இவருக்கு என்ன கவலை?

பிட்டம்மா: யார் சொன்னது உங்களுக்கு? கியாரா ஃபொன்டனேசி ஆறு தடவை பெண்கள் உலகப் பட்டம் வாங்கினவங்க. அவங்க பேரைக்கூட இந்தத் திரியில யாரும் எடுக்கல, எடுத்தது எல்லாம் பையன்கள்தான். சுலபம்னு சொல்றவர் ஒரு நாள் என் பொண்ணோட ஹெல்மெட்டைப் பிடிச்சுக்கிட்டு கடை கடையா ஏறி இறங்கட்டும்.

முழுத்திராட்டில்: உணர்ச்சிவசப்பட்டா ஸ்பான்சர் வராது. சில கம்பெனிகள் தங்களோட வண்டியில ஓட்டி இன்ன இடம் வந்தா இவ்வளவு பணம்னு திட்டமே வச்சிருக்கு. அங்க இடத்துக்குத்தான் காசு, கதைக்கு இல்ல.

கேட்டோரம்அப்பா: அந்தத் திட்டத்துக்கு முன்கூட்டியே பதிவு பண்ணணும், அவங்க ஸ்டிக்கர் ஒட்டணும், முதல்ல அவங்க வண்டியையே வாங்கணும். அந்த வண்டிக்கு யாரு காசு கொடுக்கிறது? சுத்திச் சுத்தி என் கேள்விக்கே வர்றீங்க, பதில் மட்டும் வரல. பிஸ்டன் விவாதத்துலயும் இப்படித்தான் நழுவினீங்க. 85 சிசி பிஸ்டன் ஒரு சீசன் முழுக்கத் தாங்கும்னு சொன்னவர்தானே நீங்க?

முழுத்திராட்டில்: தாங்கும். ஏர் ஃபில்டரை ஒழுங்கா எண்ணெய் போட்டு வச்சா தாங்கும்.

ரெண்டுஸ்ட்ரோக்: தாங்காது. என்ஜின் எத்தனை மணி நேரம் ஓடிச்சுன்னு காட்டற மீட்டர் மாட்டிப் பார்த்து மாத்தணும்.

மண்மேடு: பிஸ்டனுக்குத் தனித் திரி இருக்கு, அங்க போங்கப்பா.

கேட்டோரம்அப்பா: போகமாட்டேன். பிஸ்டனும் செலவுதான், அதுக்கும் சேர்த்துத்தான் ஸ்பான்சர் கேக்கறேன்.

முழுத்திராட்டில்: கேளுங்க, யார் வேணாம்னாங்க? கொடுக்கிறவர் பார்க்கறது முடிவுப் பட்டியலை மட்டும்தான். என் கருத்துல ஒரு எழுத்தும் மாறல.

பிட்டம்மா: அந்த ரெண்டுஸ்ட்ரோக் இன்னும் எனக்குப் பதில் சொல்லல.