மின்விசிறியை நிறுத்திவிட்டு வாசித்த மாலைகள்

யாழ்ப்பாணத்தில் கிற்றார் என்றதும் பெரும்பாலானோருக்கு நினைவுக்கு வருவது தேவாலயப் பாடற்குழுவும் பைலா என்ற துள்ளலிசையுமே. நைலோன் தந்தி பூட்டிய கிற்றாரை இடது தொடையில் இருத்தி, தந்தியை மீட்டும் சிறு வில்லையை (பிக்) பயன்படுத்தாமல் விரல்களாலேயே வாசிக்கும் செவ்வியல் முறையைப் பயில்வோர் இங்கு மிகச் சிலர். அவர்களும் ஊருக்கு ஒருவராகச் சிதறி இருப்பவர்கள். ஒருவர் வாசிப்பதை மற்றவர் கேட்க வேண்டும் என்ற விருப்பத்தினாலேயே நாங்கள் மாதம் ஒரு சனிக்கிழமை இணையவழியில் கூடத் தொடங்கினோம். இங்கு இரவு 7.30 மணியாக இருக்கும்போது, கோடை காலத்தில் லண்டனில் பிற்பகல் 3 மணி, ரொறன்ரோவில் காலை 10 மணி. எனவே புலம்பெயர்ந்த நண்பர்களும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் கலந்துகொள்ள முடிகிறது. எங்களில் எவரும் தொழில்முறைக் கலைஞர் அல்லர்.

ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் தங்கள் ஒலிவாங்கிகளை அணைத்துவிட்டுக் கேட்பதே எங்கள் முறை. சேர்ந்து வாசித்தால் என்ன என்று புதிதாக வருபவர்கள் கேட்பதுண்டு. காற்றில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்வதால், பத்து மீற்றர் தள்ளி அமர்ந்திருப்பவரின் ஓசை நம்மை வந்தடைய 30 மில்லிசெக்கன் ஆகும். அதற்கு மேற்பட்டால் இருவர் தாளத்தில் ஒன்றி நிற்பது கடினமாகிவிடும். இணையச் சந்திப்புகளிலோ தாமதம் பல வேளைகளில் 100 மில்லிசெக்கனைத் தாண்டிவிடுகிறது. ஆகவே முறை வைத்து வாசிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வாசிப்பவருக்கு முதற் சோதனை ஒலியமைப்பில்தான். சூம் போன்ற செயலிகள் பேச்சுக்காக உருவானவை. தொடர்ந்து ஒலிக்கும் மெல்லிய ஓசையை இரைச்சல் என்று கருதி அவை அகற்றிவிடும். கிற்றாரின் உயிரோ தந்தியைத் தீண்டிய பின் மெல்ல அடங்கிச் செல்லும் நாதத்தில் இருக்கிறது. ஸ்பானியக் கிற்றார் கலைஞர் பிரான்சிஸ்கோ தாரெகாவின் 'லாக்ரிமா'வை ஒரு தங்கை வாசித்த மாலையில், ஒவ்வொரு சுரமும் பிறந்தவுடனே வெட்டுண்டு போயிற்று. ஈ மேஜர் என்ற சுரவரிசையில் தொடங்கி, நடுவில் சோகம் தோய்ந்த ஈ மைனருக்கு இறங்கி, மீண்டும் மேஜருக்குத் திரும்பும் அந்தச் சிறு உருப்படியில், சுரங்களுக்கு இடையிலான இழையே பாதி இசை. இசைக் கலைஞர்களுக்கென உள்ள 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற தெரிவை இயக்கிவிட்டு மீண்டும் வாசிக்குமாறு கேட்டோம். அவரும் முகம் சுளிக்காமல் வாசித்தார். மைனர் பகுதியின் முடிவில் அடித்தந்தியின் நாதம் தானாக அடங்கும்வரை எவரும் அசையவில்லை.

ஆனால் அந்தத் தெரிவை இயக்கினால் மின்விசிறியின் இரைச்சலும் அப்படியே போய்ச் சேரும். எனவே வாசிப்பவர் மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும். தெருவோரத்து வீடாயின் யன்னலையும் சாத்த வேண்டும். சித்திரை, வைகாசி மாதத்துப் புழுக்கத்தில் இது எளிதன்று. வியர்வையால் விரல் நுனி தந்தியில் வழுக்கும்; இடக்கைப் பெருவிரல் கிற்றாரின் கழுத்தில் ஒட்டிக்கொண்டு, அடுத்த நிலைக்கு நகர மறுக்கும். மடியில் ஒரு துவாயை வைத்துக்கொண்டு ஒவ்வோர் உருப்படிக்கும் முன்னர் தந்திகளைத் துடைப்பது எங்களில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. குளிர்நாட்டு நண்பர்களின் குறை இதற்கு நேர்மாறானது: அங்கு வெப்பமூட்டிய அறைகளில் காற்று உலர்ந்து கிற்றாரின் மரமே வெடித்துவிடுமோ என்று அஞ்சுகிறார்கள்.

இவ்வளவு கூட்டங்களிலும் என் மனத்தில் ஆழப் பதிந்தவர், வலிகாமத்தில் தோட்டம் செய்யும் ஓர் அண்ணை. வெங்காயப் பாத்தியில் களை பிடுங்குபவரின் வலக்கை நகங்கள் எப்படி நிலைக்கும்? நகத்தை வளர்த்து, அரத்தால் இழைத்து, அதன் விளிம்பால் தந்தியைத் தீண்டுவதே இன்று பரவலாக உள்ள முறை என்பதால், தமக்கு இந்தக் கலை சரிவராது என்று அவர் தயங்கியிருந்தார். தாரெகாவே தம் பிற்காலத்தில், 1902ஆம் ஆண்டளவில், நகங்களை வெட்டிவிட்டு விரற்சதையால் வாசித்தார் என்பதை லண்டன் நண்பர் எடுத்துச் சொன்ன பின்னரே அண்ணை வாசிக்க முன்வந்தார். அவர் எடுத்துக்கொண்டது ஸ்பானிய இசையமைப்பாளர் பெர்னாண்டோ சோரின் பி மைனர் பயிற்சி, ஓபஸ் (படைப்பு எண்) 35இன் 22ஆவது. நகத்தின் கூர்மை இல்லாத அந்த ஒலி சற்றுத் தணிந்தது. ஆனால் உருண்டு திரண்டது. மேல்வரி மெட்டைத் தனியே எடுத்துக் காட்டிய அவரது மோதிரவிரலின் அழுத்தத்தை எத்தனையோ ஒலிப்பதிவுகளிலும் நான் கேட்டதில்லை. வாசித்து முடித்ததும் திரையில் எல்லோரும் ஓசையின்றிக் கைதட்டுவது தெரிந்தது. பிறகு ஒவ்வொருவராக ஒலிவாங்கியைத் திறந்து, எந்த இடத்தில் ஒரே விரலால் பல தந்திகளை அழுத்தும் பாரே பிடிப்பிலிருந்து தவறாமல் இறங்கினார், எந்த இடத்தில் தாளம் சற்று விரைந்தது என்று சொன்னார்கள். பொதுமேடையில் கிடைக்கும் பாராட்டு வேறு, அதே பாடத்தோடு மாதக்கணக்காக மல்லாடியவர்கள் சொல்லும் வார்த்தை வேறு.

இதனால்தான், முன்னரே பதிவுசெய்த காணொளியைப் போட்டுக் காட்டலாம் என்ற யோசனையை நான் ஏற்பதில்லை. பதிவில் ஒலி தெளிவாக இருக்கும், இணைய இணைப்பு அறுந்தாலும் கவலையில்லை என்பது உண்மைதான். ஆயினும் பத்துத் தடவை எடுத்து அவற்றில் சிறந்ததைத் தெரிவுசெய்து காட்டுவது ஒரு பயிற்சி. இடையில் தடுக்கினாலும் நிறுத்தாமல் இறுதிவரை கொண்டு செல்வது முற்றிலும் வேறொரு பயிற்சி. பின்னதைத் தனியறையில் கற்றுக்கொள்ள முடியாது. கேட்கும் செவிகள் அந்தக் கணத்தில் அங்கே இருக்க வேண்டும். இணைப்பு உண்மையிலேயே மோசமாக உள்ளவர்களுக்கு மட்டும் விலக்கு அளிக்கலாம் என்பது என் கருத்து.

அடுத்த கூட்டத்துக்கு அண்ணையும் நானும் ஒரே ஒலிவாங்கியின் முன் அமர்ந்து, சோரின் ஓபஸ் 34ஐ, இரண்டு கிற்றார்களுக்கென எழுதப்பட்ட உருப்படியை, வாசிக்க எண்ணியுள்ளோம். மாணவர் மெட்டையும் ஆசிரியர் துணைவரியையும் வாசிப்பதாக சோர் அதை அமைத்திருக்கிறார். மெட்டு அண்ணைக்கு. வெங்காயம் கிண்டி முடிந்தவுடன் அவரது வீட்டில் ஒத்திகை தொடங்கும். முதற்பகுதி மட்டுமாவது தேறிவிடும் என்று நம்புகிறோம்.