சி நிரல்மொழியில் உங்களை முதலில் கவிழ்த்தது எது?

மஞ்சக்குப்பத்தான்:
என் மகள் இந்த ஆண்டுதான் பாலிடெக்னிக்கில் சேர்ந்திருக்கிறாள். நேற்றிரவு 6-ஆவது வரியில் பிழை என்று கம்பைலர் (நாம் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் மென்பொருள்) சொன்னதை நம்பி, அந்த வரியையே அரை மணி நேரம் முறைத்துக்கொண்டிருந்தாள். 5-ஆவது வரியின் கடைசியில் செமிகோலன் (;) இல்லை. சி மொழிக்கு வரி ஒரு கணக்கே இல்லை. செமிகோலன் வரும்வரை வாக்கியம் முடியவில்லை என்று படித்துக்கொண்டே போகும். அடுத்த வரியில் முட்டிக்கொண்ட பிறகுதான் அலறும்.

எனக்கு 1998 நினைவுக்கு வந்தது. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கணினிப் பயிற்சி மையம். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனால் டர்போ சி என்ற கம்பைலரின் நீலத் திரை. ஒரு கணினிக்கு இரண்டு பேர். 1 முதல் 10 வரை அச்சிடச் சொன்னார்கள். நான் எழுதியதில் பிழையே இல்லை என்றது கம்பைலர். ஓட்டினால் திரையில் ஒரே ஓர் எண்: 11. செமிகோலனை மறந்து நான்கு முறை திட்டு வாங்கியவன், முன்ஜாக்கிரதையாக, அடுத்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் ஃபார் (for) அடைப்புக்குறிக்குப் பின்னாலும் ஒன்றைப் போட்டு வைத்திருந்தேன். அந்த வெற்று வாக்கியத்தையே பத்து முறை சுற்றிவிட்டு, எண் 11 ஆன பிறகு வெளியே வந்து ஒரே முறை அச்சிட்டிருக்கிறது. விட்டுப்போனால் கத்துகிறது, கூடுதலாகப் போட்டால் வாயைத் திறப்பதில்லை. உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

துறைமுகத்துக்காரன்:
எனக்கு அம்மாவிடம்தான் அவமானம், அண்ணா. முதுநகரில் ஐந்து பெண்கள் கூட்டாக ஏலத்தில் மீன் எடுத்து விற்பார்கள், அம்மாவும் ஒருவர். பங்கு பிரிக்க ஒரு புரோகிராம் எழுதினேன். லாபம் 1,252 ரூபாய், அதை 5 ஆல் வகுக்க வேண்டும். விடையை வைக்க, பின்னத்தோடு எண்ணை வைக்கும் ஃப்ளோட் மாறிதான் எடுத்திருந்தேன். 250.00 என்று வந்தது. அம்மா கூடையைக் கழுவிக்கொண்டே, "ஆளுக்கு இருநூற்றைம்பது என்றால் மீதி இரண்டு ரூபாய் எங்கேயடா?" என்று கேட்டார். இரண்டு நாள் விழித்தேன். இன்ட்டை, அதாவது முழு எண்ணை, இன்ட்டால் வகுத்தால் சி அங்கேயே பின்னத்தை வெட்டி எறிந்துவிடும். வெட்டிய பிறகு ஃப்ளோட்டில் வைத்து என்ன பயன்? 5 என்பதை 5.0 ஆக்கியதும் 250.40 வந்தது. அம்மா அதற்குள் மனக்கணக்கிலேயே பிரித்துக் கொடுத்துவிட்டார்.

முத்தியால்பேட்டை:
நான் ஒரு வகுப்பையே நூற்றுக்கு நூறு வாங்க வைத்தவன்! புதுச்சேரியில் கல்லூரி ஆய்வகத் தேர்வு. மதிப்பெண் 100 என்றால் பாராட்டை அச்சிட வேண்டும். நிபந்தனையைச் சோதிக்கும் இஃப் (if) அடைப்புக்குள், ஒப்பிடும் == போட வேண்டிய இடத்தில் = போட்டுவிட்டேன். அது ஒப்பிடவில்லை, 100-ஐ எடுத்து மாறிக்குள் திணித்துவிட்டது. சுழியம் அல்லாத எதுவும் சி-க்கு உண்மைதான். ஆகவே 23 வாங்கியவனுக்கும் பாராட்டு. டர்போ சி எச்சரிக்கத்தான் செய்தது. பிழை இல்லை, வெறும் எச்சரிக்கைதானே என்று நான் கடந்து போய்விட்டேன். தேர்வாளர் சிரித்தார், மதிப்பெண்ணில் மட்டும் சிரிப்பு இல்லை.

லாசுப்பேட்டை:
டர்போ சி-யைப் பற்றி இவ்வளவு பாசம் வேண்டாம். அதில் இன்ட்டுக்கு 16 பிட் இடம்தான். 32,767-உடன் ஒன்று கூட்டினால் -32,768 என்று தலைகீழாகப் போகும். புரோகிராம் தொடங்கும் மெயின் எதையும் திருப்பித் தராது என்று சொல்லும் வாய்ட் மெயின், திரையைத் துடைக்கும் கிளியர் ஸ்கிரீன் என்று அதிலேயே பழகிவிட்டு முதல் வேலையில் லினக்ஸ் இயங்குதளத்தின் முன் உட்கார்ந்தேன். திரையைத் துடைக்கும் அந்தக் கட்டளையையே அது அறியாது. அது மொழியின் பகுதியே அல்ல, அந்த ஒரு கம்பைலரோடு வந்த சரக்கு என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. 1989-இல் சி மொழியைத் தரப்படுத்தியபோதே மெயின் ஓர் இன்ட்டைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். நான் படித்தது 2006-இல். கோபம் வராதா?

மஞ்சக்குப்பத்தான்:
கோபம் நியாயம்தான். மகளுக்கு வேறு கம்பைலர் போட்டுக் கொடுத்துவிட்டேன். மீன் கணக்கைப் படித்துக் காட்டினேன், 5.0 போட்டுப் பார்த்துவிட்டு, "ஆத்தா கெட்டிக்காரி" என்றாள். இப்போது பிழை எந்த வரி என்று சொன்னாலும் அதற்கு மேல் வரியைத்தான் முதலில் பார்க்கிறாள். இன்று கடைசி வரி, 24 என்று வந்தது. 23-ஐத் தடவித் தடவிப் பார்த்தாள். 9-ஆவது வரியில் திறந்த நெளிவு அடைப்பை ({) மூடவே இல்லை.