தாத்தா பேர்ல கொடுக்குற காசு

குரூப்: வலங்கைமான் வீடு
சனிக்கிழமை

சேகர் சித்தப்பா (காலை 9:10): எல்லாருக்கும் வணக்கம். அப்பா தலைத்திவசம் பங்குனியில வருது. ஊர்ச் சாப்பாட்டைச் சுருக்கிட்டு மூணு லட்சத்தை நல்ல காரியத்துக்குக் கொடுக்கலாம்னு பேசினோம்ல. காதும் கேட்காம கண்ணும் தெரியாம இருக்குற பிள்ளைங்களுக்கு வேலை செய்யுற அந்த டிரஸ்ட்ல கணக்கு கேட்டேன். உடனே அனுப்பிட்டாங்க. கீழே இருக்கு, படிச்சுப் பாருங்க.

சேகர் சித்தப்பா: [பிடிஎஃப்: தணிக்கை அறிக்கை, 31 மார்ச் வரை]

சேகர் சித்தப்பா: நான் ராத்திரியே பார்த்துட்டேன். வருஷச் செலவு 72 லட்சம். அதுல சம்பளம் மட்டும் 49 லட்சம். நூத்துக்கு 68. கூட்டுறவு சொசைட்டியில செக்ரட்டரியா இருந்தப்ப நான் இப்படிச் சம்பளம் காட்டியிருந்தா இணைப்பதிவாளர் ஆபீஸ்லேர்ந்து மெமோ வந்திருக்கும்.

வசந்தா அத்தை: போன்ல எழுத்து பொடியா இருக்குடா. யாராவது படிச்சுச் சொல்லுங்க

பாலு மாமா: மாப்ள, சம்பளத்துக்குப் போற காசுக்கு எதுக்கு மாமா பேரு? ஒரு ரூம் கட்டிக் கொடுப்போம். இல்ல மெஷின் ஏதாச்சும் வாங்கிக் கொடுப்போம். வாசல்ல ஒரு கல்லு, நாலு பேர் படிப்பாங்க.

கார்த்தி: மாமா கல்லுலதான் குறியா இருக்கார் 😄

பாலு மாமா: நீ சிரி. நான் நெல் கொள்முதல் நிலையத்துல நிக்கிறேன். ஈரப்பதம் 17 தாண்டுதுன்னு மூட்டையை ஓரம் கட்டி வச்சிருக்கான். சாயங்காலம் வர்றேன்.

மதி அண்ணி (காலை 11:42): மாமா, ஆடிட்டர் ஆபீஸ்ல இப்பதான் மூச்சு விட நேரம் கிடைச்சுது. முழுசாப் பார்த்துட்டேன். 68 சதவீதம் சம்பளம்னு நீங்க பயப்படுறீங்க, எனக்கு அது 30ன்னு இருந்திருந்தாதான் சந்தேகம் வந்திருக்கும்.

சேகர் சித்தப்பா: அது எப்படிம்மா?

மதி அண்ணி: இந்தப் பிள்ளைங்களுக்குப் பேச்சு உள்ளங்கையிலதான். டீச்சர் கையால சைகை பண்ணுவாங்க, பிள்ளை அந்தக் கையைத் தொட்டுப் புரிஞ்சுக்கும். ஒரு கரும்பலகையை வச்சு நாப்பது பேருக்குச் சொல்லிக் கொடுக்குற வேலை இல்ல. ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள் வேணும். ஹெலன் கெல்லர்கிட்ட ஆன் சல்லிவன் வந்தது 1887. சல்லிவன் 1936ல சாகுற வரைக்கும் கூடவே இருந்தாங்க. ஒரே மாணவிக்கு ஒரு டீச்சரோட ஆயுசே போச்சு. அந்த டிரஸ்ட் வாங்குற பொருள் என்ன இருக்கு? ஆள்தான் மாமா.

மதி அண்ணி: அந்த ஆளும் சும்மா கிடைக்க மாட்டாங்க. முட்டுக்காட்டுல 2005லேர்ந்து பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கு. அந்த மாதிரி இடத்துல பயிற்சி எடுத்தவங்க டெல்டா பக்கம் வந்து தங்குறதே பெரிய விஷயம்.

கார்த்தி: ஆனா அண்ணி, நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுன்னு சட்டமே இருக்கே?

மதி அண்ணி: அது வெளிநாட்டுக் காசுக்கு மட்டும். எஃப்சிஆர்ஏ சட்டத்துல. முன்னாடி 50 இருந்துச்சு, 2020 திருத்தத்துல 20 ஆக்கினாங்க. கம்பெனிங்க சமூக வேலைக்குன்னு தர்ற சிஎஸ்ஆர் காசுல அந்தக் கம்பெனியோட நிர்வாகச் செலவுக்கு 5 சதவீதம்தான் எல்லை. ஆனா அந்த எஃப்சிஆர்ஏ விதியிலேயே ஆஸ்பத்திரி டாக்டர் சம்பளம், பள்ளிக்கூட வாத்தியார் சம்பளம் எல்லாம் நிர்வாகச் செலவுல சேராதுன்னு எழுதியிருக்கு. இவங்க 49 லட்சத்துல ஆபீஸ் ஆளுங்க சம்பளம் 7 லட்சம். அட்டவணை 9ல தனியாப் போட்டிருக்காங்க. மிச்சமெல்லாம் வீடு வீடாப் போற டீச்சருங்க.

சேகர் சித்தப்பா: அட்டவணை வரைக்கும் நான் போகலை. சரி, இதுக்குப் பதில் சொல்லு. பேங்க்ல 42 லட்சம் வச்சிருக்காங்களே. கையில இவ்வளவு இருக்கறவங்களுக்கு நம்ம மூணு லட்சம் எதுக்கு?

மதி அண்ணி: மாமா இதைத்தான் கேப்பீங்கன்னு நினைச்சேன்

மதி அண்ணி: அந்த 42ஐப் பிரிச்சா, 29 லட்சம் தஞ்சாவூர்ல மையம் கட்டுறதுக்குன்னு ஒரு கம்பெனி கொடுத்தது. அதுலேர்ந்து ஒரு ரூபாய் எடுத்து வேற எதுக்கும் செலவு பண்ண முடியாது. 8 லட்சம் கார்ப்பஸ், வட்டியை மட்டும் தொடலாம். அவங்க இஷ்டப்படி செலவு பண்ணக்கூடியது மீதி 5 லட்சம். மாசச் செலவு 6 லட்சம் ஆகுது. ஒரு மாசம் பணம் வரலைன்னா அடுத்த மாசம் சம்பளம் இல்ல.

கார்த்தி: கோடீஸ்வர டிரஸ்ட்னு நினைச்சேன். முதல் பக்கத்தைப் பார்த்தா அப்படித்தான் தெரியுது.

பிரபு அண்ணன் (பகல் 1:05): சிங்கப்பூர்லேர்ந்து நானும் சேர்றேன். இரண்டாயிரம் டாலர். யாருக்கு அனுப்பணும்?

சேகர் சித்தப்பா: என் இந்தியன் பேங்க் அக்கவுண்ட்ல போட்டுடு தம்பி. நான் சேர்த்துக் கொடுத்துடறேன்.

மதி அண்ணி: ஐயோ வேண்டாம் மாமா. பிரபு அத்தான், நீங்க சிங்கப்பூர் சிட்டிசன்ஷிப் வாங்கிட்டீங்கல்ல?

பிரபு அண்ணன்: வாங்கி வருஷமாச்சு. இந்திய வம்சாவளிக்காரங்களுக்குத் தர்ற ஓசிஐ கார்டு இருக்கு.

மதி அண்ணி: ஓசிஐ இருந்தாலும் சட்டத்துக்கு நீங்க வெளிநாட்டுக்காரர்தான். இந்தியப் பாஸ்போர்ட் வச்சிருக்கறவங்க சிங்கப்பூர்ல சம்பாதிச்சு பேங்க் வழியா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. நீங்க கொடுத்தா ஆகும். எஃப்சிஆர்ஏ பதிவு உள்ள அமைப்புதான் வாங்கலாம். இவங்களுக்குப் பதிவு இருக்கு. டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச்ல ஒரு அக்கவுண்ட் இருக்கும், அதுக்கு மட்டும்தான் அனுப்பணும். மாமா கணக்குல போட்டுச் சுத்தி விட்டா டிரஸ்டுக்குத்தான் தலைவலி.

பிரபு அண்ணன்: நம்ம ஊர்ப் பக்கம் காசு அனுப்ப டெல்லி போகணுமா. சரி சரி. முறையாவே பண்ணிடறேன்.

வசந்தா அத்தை: ரசீது கொடுப்பாங்களா? வரி கழியுமாமே

மதி அண்ணி: அவங்களுக்கு வரிச்சலுகைப் பதிவு இருக்கு. கொடுத்ததுல பாதி கழியும், அதுக்கும் வருமானத்துல 10 சதவீதம்னு ஒரு எல்லை உண்டு. ரொக்கமா 2000க்கு மேல கொடுத்தா செல்லாது. ரசீது மட்டும் போதாது, வருஷ முடிவுல அவங்க இன்கம்டாக்ஸ்ல ஏத்திட்டு ஒரு நன்கொடைச் சான்றிதழ் தரணும்.

கார்த்தி: நான் புது வரி முறையில இருக்கேன், எனக்கு ஒண்ணும் கழியாது. புண்ணியம் மட்டும்தான்.

பாலு மாமா (மாலை 6:30): வந்துட்டேன். மூட்டை ஏறிடுச்சு. எல்லாம் படிச்சேன். மாப்ள, நான் ஒண்ணு சொல்றேன். நம்ம ஊர்க் கோயில்ல கட்டளை வச்ச மாதிரி பண்ணுவோம். அந்தக் காலத்துல நிலத்தை எழுதி வச்சான், விளைச்சல்ல வருஷா வருஷம் பூஜை நடந்துச்சு. நாமளும் மூணு லட்சத்தைக் கார்ப்பஸ்ல போடுவோம். முதல் அப்படியே இருக்கும். மாமா பேரும் இருக்கும்.

சேகர் சித்தப்பா: அத்தான் சொல்றது எனக்கும் பிடிச்சிருக்கு.

மதி அண்ணி: ஏழு சதவீதம் வட்டின்னு வச்சுக்கிட்டா வருஷத்துக்கு 21,000. ஒரு டீச்சருக்கு ஒரு மாசச் சம்பளம். பாக்கிப் பதினொரு மாசம்?

கார்த்தி: கட்டளை நிலத்துக்குக் குத்தகை பாக்கி வைக்கிறவங்க கதையும் நமக்குத் தெரியும் மாமா...

பாலு மாமா: டேய் என்னைச் சொல்றியா

கார்த்தி: பொதுவாச் சொன்னேன் 😄

மதி அண்ணி: எனக்கு இந்த அறிக்கையில உறுத்துறது ஒண்ணே ஒண்ணு. 72 லட்ச வரவுல 44 லட்சம் ஒரே கம்பெனி. வெளிநாட்டு அறக்கட்டளை 14, அரசாங்க மானியம் 9, நம்மள மாதிரி ஆளுங்க கொடுத்தது 5. அந்த 44 நின்னா எல்லாம் நின்னுடும். சிஎஸ்ஆர் ஒப்பந்தம் மார்ச்சோட முடியும். புதுப்பிச்சுக் காசு கைக்கு வர ஆடி ஆவணி ஆகும். அதுவரைக்கும் எப்படி ஓட்டுறாங்கன்னு அறிக்கையில ஒரு வரி இல்ல.

வசந்தா அத்தை: ஏண்டா இவங்கதானே நம்ம செல்வி வீட்டுக்கு வர்றவங்க? அவளையே கேக்கலாமே. குரூப்லதான் இருக்கா, ஒரு வார்த்தை பேச மாட்டேங்குறா

சேகர் சித்தப்பா: செல்விக்குச் சங்கடமா இருக்கும்னுதான்க்கா கேக்கலை.

செல்வி அக்கா (இரவு 8:20): காலையிலேர்ந்து படிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் அத்தை. நான் பேசினா என் பிள்ளைக்காகக் கேக்குற மாதிரி ஆயிடும்னு பேசலை.

செல்வி அக்கா: மதி கேட்டதுக்குப் பதில் என்கிட்ட இருக்கு. நவீனுக்குப் பிறவியிலேர்ந்தே காது கேட்காது, தெரியும்ல. பத்து வயசுக்கு மேல பொழுது சாஞ்சா கண்ணும் தெரியலை. அஷர்னு ஒரு நோய்னு டாக்டர் சொன்னார். பார்வை ஓரத்துலேர்ந்து சுருங்கிக்கிட்டே வருதாம். அந்த டீச்சர் தஞ்சாவூர்லேர்ந்து பஸ் புடிச்சு பாபநாசம் வந்து கையில சைகை, குச்சி வச்சு நடக்குறது ரெண்டும் பழக்கிட்டு இருந்தாங்க. சிவப்பும் வெள்ளையும் பட்டை போட்ட குச்சி. காதும் கண்ணும் ரெண்டும் இல்லைன்னு அதுக்கு அர்த்தமாம். இங்க கண்டக்டருக்கே தெரியாது, அது வேற.

செல்வி அக்கா: போன ஏப்ரல்ல டீச்சர் வரலை. கேட்டா ஒப்பந்தம் முடிஞ்சிருச்சு, சம்பளம் கொடுக்க வழியில்லைன்னாங்க. அவங்களுக்கும் குடும்பம் இருக்கு, திருச்சியில வேற வேலைக்குப் போயிட்டாங்க. ஆவணி கடைசியிலதான் புது டீச்சர் வந்தாங்க. புதுக் கையை இவன் கிட்டயே விடலை. தட்டித் தட்டி விட்டான். தீபாவளி வரைக்கும் டீச்சர் சும்மா பக்கத்துல உட்கார்ந்துட்டுப் போனதுதான். அவங்க கையில போட்டிருந்த வளையலைத் தொட்டுப் பார்த்துத்தான் கடைசியில பழகினான்.

செல்வி அக்கா: அந்த நேரத்துல பேங்க்ல கட்டடக் காசு 29 லட்சம் இருந்துச்சுங்கிறது இன்னைக்கு மதி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பிரபு அண்ணன்: கட்டடத்துக்குன்னு கொடுத்தவன் மேலயும் தப்பு சொல்ல முடியாது. ஆனா இதைக் கேட்டா வயிறு எரியுது.

பாலு மாமா: ஏம்மா செல்வி, அரசாங்கம் மாசம் 2000 கொடுக்குதே, அது வருதா?

செல்வி அக்கா: வருது மாமா. காது மெஷின் பேட்டரிக்கும் மதுரைக்குக் கண்ணு காட்டப் போற வண்டிச் செலவுக்கும் சரியாப் போகுது. டீச்சருக்குக் கொடுக்க அதுல என்ன இருக்கு.

பாலு மாமா: ம்.

பாலு மாமா: சரி, கல்லு வேண்டாம். அந்த ஏப்ரலுக்கு என்ன பண்ணலாம், அதைச் சொல்லுங்க.

கார்த்தி: மூணையும் ஒரே தடவை கொடுக்காம வருஷம் ஒரு லட்சமா, ஒவ்வொரு ஏப்ரல் முதல் வாரமும் கொடுத்தா? எந்தச் செலவுக்கு வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு கடுதாசி எழுதிக் கொடுத்துடுவோம். பிரபு அண்ணன் காசும் அதே மாதிரி.

மதி அண்ணி: ரொம்பச் சரி. ஒரு லட்சம்ங்கிறது ரெண்டு டீச்சருக்கு ரெண்டு மாசத்துக்கு மேல தாங்கும். முழு ஓட்டையையும் அடைக்காது. ஆனா ஏப்ரல்ல நிச்சயம் வரும்னு தெரிஞ்ச காசா இருந்தா, அதை நம்பி ஆளை நிறுத்தி வைக்கலாம்.

சேகர் சித்தப்பா: எந்தச் செலவுக்கும்னு எழுதிட்டா கார் வாங்கிட்டாங்கன்னா?

மதி அண்ணி: மாமா, அடுத்த வருஷக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்த்துட்டுத்தானே ரெண்டாவது லட்சம். பிடிக்கலைன்னா நிறுத்திக்கலாம். இந்தக் கணக்குல டிரஸ்டிகளுக்குக் கொடுத்த கடன்னு ஒண்ணும் இல்ல, பி.எஃப் பாக்கி இல்ல, வண்டி வாடகைகூட டிரஸ்டி வீட்டு ஆளுங்களுக்குப் போகலை. நான் அதைத்தான் முதல்ல தேடினேன். இருந்திருந்தா செல்வி அண்ணிக்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வேண்டாம்னு சொல்லியிருப்பேன்.

சேகர் சித்தப்பா: சரி. நான் திங்கக்கிழமை போன் பண்ணி ரெண்டு கேக்குறேன். இப்ப இருக்குற ஒப்பந்தம் எந்தத் தேதியில முடியுது? போன வருஷம் நின்னுபோன வீடு எத்தனை? பதில் சொல்ற விதத்துலயே ஆள் எப்படின்னு தெரிஞ்சுடும். சொசைட்டியில முப்பது வருஷம் ஆளைப் பார்த்திருக்கேன்.

செல்வி அக்கா: சித்தப்பா ஒண்ணு. கடுதாசியில நவீன் பேரை எழுதாதீங்க. நம்ம வீட்டுப் பிள்ளைக்குன்னு கொடுத்த மாதிரி இருக்கக்கூடாது. எங்க டீச்சர் போற வழியில அம்மாப்பேட்டையில ஒரு பொண்ணு இருக்கா. அவளுக்கு எங்களை விட மோசம், பேசித் தர அப்பா அம்மாவும் இல்ல, பாட்டிதான்.

சேகர் சித்தப்பா: எழுதலைம்மா. உங்க தாத்தா பேரு மட்டும்தான்.

வசந்தா அத்தை: ஊர்ச் சாப்பாடு சுத்தமா இல்லாம இருக்கக்கூடாது. நூறு இலையாவது போடணும். அதுல நான் ஒத்துக்க மாட்டேன்

பாலு மாமா: அது என் செலவு. நெல்லு காசு வரட்டும்.

கார்த்தி: சித்தப்பா, அந்த வரிச் சான்றிதழுக்கு உங்க பான் நம்பர் அவங்களுக்கு வேணும்.

சேகர் சித்தப்பா: [புகைப்படம்]

மதி அண்ணி: மாமா!! பான் கார்டை குரூப்ல போடாதீங்க, அழிங்க. அவங்களுக்குத் தனியா அனுப்புங்க.

சேகர் சித்தப்பா: எப்படி அழிக்கிறது?

கார்த்தி: அது மேல விரலை அழுத்திப் பிடிங்க சித்தப்பா. அழுத்திக்கிட்டே இருங்க.